சத்தமில்லாத நெஞ்சுக்கு ஒரு பச்சை டிக்

ஓய்வு பெற்ற செவிலியர்கள் தங்கள் பணி அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று எங்கள் செவிலியர் மலரில் அறிவிப்பு வந்திருக்கிறது. எனக்கு வயது முப்பத்தொன்று. இருந்தாலும் எனக்கு முழுத் தகுதி உண்டு. ஓர் அறக்கட்டளையின் நடமாடும் மருத்துவ வேனில் ஆறு வருடம் வேலை பார்த்து, "பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்" என்று முத்திரை குத்திய தாளோடு வெளியே வந்தவள் நான். பொன்னாடை மட்டும்தான் போர்த்தவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் போனில் கூப்பிட்டாள். "அக்கா, நெஞ்சுல சத்தமே கேக்கலைன்னா ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதுறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் முக்கால் மணி நேரம் ஓடியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். இதைக் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி வராது. அம்மா பட்டாசுக்குத் திரி வைத்தாள், அப்பா லாரிக்கு லோடு ஏற்றினார், நான் நர்ஸ் ஆனேன். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரித்தோம், திட்டு வாங்கினோம், மறுபடி விரித்தோம், பாஸானோம். முதல் ஸ்டெதாஸ்கோப்பை ஊருக்குக் கொண்டு போன அன்று அப்பா தெருவையே திரட்டிவிட்டார். எல்லார் நெஞ்சிலும் வைத்து முடித்த பிறகு, "நம்ம ஆட்டுக்கும் வச்சுப் பாரு தாயி" என்றார். வைத்தேன். அன்று தெருவில் நான் கேட்ட நெஞ்சுகளில் மாசு மருவில்லாமல் இருந்தது அந்த ஆட்டினுடையதுதான்.

வேனின் வேலை இது: சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளி சீசன் சூடு பிடிக்கும் முன் தொழிலாளிகளைச் சோதிக்க வேண்டும். நெஞ்சு நன்றாக இருந்தால், வேலை பார்க்கலாம் என்று ஒரு சீட்டு. வீசிங், அதாவது மூச்சிழுப்பு, இருந்தால் சீட்டு இல்லை. அவர்களைப் பட்டாசு மருந்துத் தூள் பக்கம் விடக்கூடாது. காகிதத்தில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் இருக்கும்.

வேனுக்கு ஒரு டாக்டர் ஐயா இருந்தார். வேறு எங்கோ நீண்ட சர்வீஸ் முடித்து வந்தவர். யாரையும் கடிந்து பேச மாட்டார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும், ஸ்டெதாஸ்கோப்பின் ஒரு முனையை ஒரு காதில் மாட்டுவார். இன்னொரு காது போனுக்கு. ஒரு காதில் நெஞ்சு, ஒரு காதில் மைத்துனர். சேலைக்கு மேலே, சட்டைக்கு மேலே, ஒரு தடவை பட்டனோடும் சேர்த்து வைத்தார். முதுகுக்கு மூன்று விநாடி. "அடுத்து." அவர் கணக்கில் நூல் புடவை எப்போதும் ஆரோக்கியமாகவே இருந்தது.

நான் கற்றுக்கொண்டது வேறு விதம். ஆளை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தோலின் மேல் வைக்க வேண்டும். வாயைத் திறந்து ஆழமாக மூச்சு விடச் சொல்ல வேண்டும். முதுகில் மேலிருந்து கீழாக, இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அக்குளுக்குக் கீழே, முன்பக்கம். நல்ல மூச்சு, அச்சகத்தில் தாள்கட்டிலிருந்து ஒரு தாள் சரிவது போல மெல்லக் கேட்கும். ஆஸ்துமாவில் வெளியே வரும் மூச்சு நீண்டுகொண்டே போகும், அதில் விசில் அடிக்கும். சில நெஞ்சில் ஒரு விசில், சில நெஞ்சில் ஒரு கோஷ்டியே இருக்கும்.

இதற்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். வரிசையில் நூற்றைம்பது பேர். டாக்டர் ஐயா என்னைப் பார்த்துச் சிரிப்பார். "ஏம்மா, நீ கேட்டுக்கிட்டே இருந்தா அது கேட்டுக்கிட்டேதான் இருக்கும். விட்டா நின்னுரும்."

போர்மேன் அழகர் அவரைவிட ஒரு படி மேல். "இங்க வீசிங்னு ஒண்ணு கிடையாது சிஸ்டர். எல்லாம் பனிதான்" என்பார். ஆவணி மாதத்து மத்தியான வெயிலில் நின்றுகொண்டு சொல்வார்.

தொழிலாளிகளாவது உதவினார்களா என்றால், அவர்கள்தான் எங்களை ஏமாற்றுவதில் முதலிடம். அதற்குக் காரணம் உண்டு. மருந்து அடைக்கும் அறையில் ஒரு நேரத்தில் நாலு பேர்தான் இருக்கலாம். நாலு பேர் ஒரு செட்டு. வருடக்கணக்காகக் கை பழகிய செட்டு. அதில் ஒருத்திக்குச் சீட்டு கிடைக்காவிட்டால், மாற்று ஆள் வரும்வரை மற்ற மூவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். எனவே ஒருத்தியின் வீசிங்கை மறைப்பது நாலு பேரின் பொறுப்பு. முகாம் அன்று காலையில் யாராவது ஒருத்தியின் நீல இன்ஹேலர் பம்பு சாப்பாட்டுத் தூக்கிலிருந்து வெளியே வரும். கோயில் தீர்த்தம் போல ஆளுக்கொரு தடவை வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு வரிசையில் பயிற்சி நடக்கும். "ஆழமா இளுக்காத புள்ள. பூனை பால் குடிக்கிற மாதிரி மெதுவா விடு. சிஸ்டர் இளுக்கச் சொன்னா இளுக்குற மாதிரி தோளை மட்டும் தூக்கு." அவ்வளவு கட்டுப்பாட்டோடு மூச்சு விட்டால் எந்த நெஞ்சிலும் விசில் கேட்காது. காற்று போனால்தானே கேட்கும்.

இன்னொரு குறுக்கு வழி எங்களுடையது. மூச்சு குறைந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் எண் தெரியும், அது தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் பூச்சட்டி, அதாவது புஸ்வாணம், அடைப்பவர்களின் விரலெல்லாம் அலுமினியத் தூளில் வெள்ளியாக மின்னும். கிளிப்பு அதில் தடுமாறும், வாய்க்கு வந்ததைச் சொல்லும். அதனால் எண் குறைவாக வந்தால் பக்கத்தில் "விரல் கறை" என்று எழுதுவது எங்கள் வேனின் வழக்கம். ஆறு வருடம் நானும் எழுதினேன். என் கையெழுத்து அழகாக வேறு இருக்கும்.

இந்த நிலையில்தான் மெஷின் வந்தது. நெஞ்சில் வைத்தால் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டு, தட்டையான ஒரு திரையில் பச்சை அல்லது சிவப்பு காட்டும். அதோடு தமிழில் பேசவும் செய்யும். குத்துவிளக்கு ஏற்றி, மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்தார்கள். மெஷின் கம்பெனியிலிருந்து டை கட்டி வந்த தம்பி என்னைப் பார்த்து, "இனிமே உங்க காதுக்கு ரெஸ்ட் மேடம்" என்றார். டாக்டர் ஐயா மகிழ்ந்து போனார். இப்போது இரண்டு காதும் போனுக்குக் கிடைத்துவிட்டன.

மெஷின் வந்த பிறகு நடந்த முதல் முகாம் தாயில்பட்டிப் பக்கம், அழகர் வேலை பார்க்கும் கம்பெனியில். வரிசை மின்னல் வேகத்தில் நகர்ந்தது. மெஷினை முதுகில் வைப்பேன், அது ஒரு பெண் குரலில், "மூச்சு ஒலி இயல்பு. வீசிங் இல்லை" என்று சொல்லும், பச்சை டிக் விழும், ஐயா கையெழுத்துப் போடுவார். பூனைப் பால் மூச்செல்லாம் அதற்கு இயல்பு மூச்சுதான். "பாத்தீகளா சிஸ்டர்? மெஷினுக்கே தெரியுது, எல்லாம் பனின்னு" என்றார் அழகர்.

பதினொன்றரை மணி இருக்கும். செல்வக்கனி வந்தாள். முப்பத்தெட்டு வயது, பூச்சட்டி செட்டில் முதல் ஆள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அதே செட்டுப் பேச்சியம்மா வந்தாள். செல்வக்கனி முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்துகொண்டாள். மெஷினை வைத்தேன்.

"மூச்சு ஒலி இயல்பு. வீசிங் இல்லை."

பச்சை. ஐயா பேனாவைத் திறந்தார். வரிசையில் நின்ற அவள் செட்டு ஆட்கள் இருவர் முகத்திலும் சிரிப்பு.

"எப்படி இருக்கீங்கக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா..." என்றாள். நிறுத்தினாள். "இருக்..." மறுபடி நிறுத்தினாள். "கேன்."

"தொண்டை கட்டியிருக்கு சிஸ்டர், அம்புட்டுத்தான்" என்றாள் பேச்சியம்மா, கேட்காத கேள்விக்கு.

தொண்டை கட்டியவள் கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்காது. நெற்றியில் அப்படி வேர்க்காது. பையிலிருந்து என் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, தோலின் மேல் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. காதில் சரியாக மாட்டவில்லையோ என்று வட்டத்தைத் தட்டிப் பார்த்தேன், டம் டம் என்றது. இடது பக்கம் வைத்தேன். கீழே வைத்தேன். தோள் ஏறி இறங்குகிறது, விலா விரியப் பார்க்கிறது, உள்ளே காற்று போகும் சத்தம் மட்டும் இல்லை. பூட்டிய வீட்டுக் கதவில் காதை வைத்தது போல இருந்தது.

விசில் அடிக்கவும் காற்று வேண்டும். மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கினால் விசில் வரும். இன்னும் சுருங்கினால் பெரிதாக வரும். முழுக்க அடைத்துக்கொண்டால் விசிலும் நின்றுவிடும். ஆஸ்துமாக்காரரின் நெஞ்சு அமைதியாகிவிட்டால் அதற்குப் பிறகு மணிக்கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான். இதைப் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். காதால் கேட்டது அன்றுதான்.

விரலில் கிளிப்பை மாட்டினேன். எண்பத்தாறு. வெள்ளி விரல். என் கை தன் போக்கில் ரிஜிஸ்டரில் "விரல்" என்று எழுதிவிட்டது. "கறை" எழுதும் முன் நிறுத்தினேன். பேச்சியம்மாவின் தூக்குப் பையில் கை கழுவ வைத்திருக்கும் தேங்காயெண்ணெய் இருந்தது. அதைப் பஞ்சில் நனைத்து, நகத்தைச் சுற்றித் துடைத்துத் துடைத்து, விரல் மனித நிறத்துக்கு வந்த பிறகு மறுபடி மாட்டினேன். எண்பத்தைந்து.

"சார், சத்தமே இல்ல" என்றேன்.

"அதைத்தானம்மா மெஷினும் சொல்லுது."

"மூச்சே உள்ள போகல சார்."

"போகாமயா உக்காந்திருக்கா? பச்சை வந்துருச்சு. அடுத்த ஆளைக் கூப்பிடு."

அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. அதுதான் என் ஆறு வருட சர்வீஸில் நான் செய்த ஒரே ஒழுங்கீனம். டிரைவரிடம் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, செல்வக்கனியைக் கைத்தாங்கலாக வேனுக்குள் ஏற்றினேன். ஆக்சிஜனைத் திறந்தேன். நெபுலைசரில் மருந்தை ஊற்றி முகமூடியை மாட்டினேன். அவள் கண் சொருகிக்கொண்டு வந்தது. "தூங்கக்கூடாது அக்கா, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க" என்று கத்தினேன். "ஏம்மா, பச்சை வந்த ஆளுக்கு எதுக்கு மருந்து?" என்று வாசலில் நின்று ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே கணக்கு புரியாதவர் போலத்தான் கேட்டார்.

முதல் மருந்து தீர்ந்தது. இரண்டாவதை ஊற்றினேன். ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டாவதில் பாதி போனபோது வலது பக்கம் அடியில், எங்கேயோ, ஊசி போல ஒரு கீச்சு. அப்புறம் இன்னொன்று. பிறகு இடது பக்கம். கொஞ்ச நேரத்தில் திருவிழாவில் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பீப்பி ஊதுவது போல அந்த நெஞ்சு முழுக்க ஊத ஆரம்பித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று போகிறது. போக வழி கிடைத்துவிட்டது.

இந்த நேரம் பார்த்து அழகர் வேனுக்குள் ஏறி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நிரூபிக்க மெஷினை எடுத்து அவள் முதுகில் வைத்தார்.

"எச்சரிக்கை! வீசிங் கண்டறியப்பட்டது. எச்சரிக்கை!"

சிவப்பு. மெஷினின் குரல் வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது.

"என்ன சிஸ்டர் செஞ்சீக?" அழகரின் முகம் வெளிறிவிட்டது. "பச்சையா வந்த பிள்ளையச் செவப்பாக்கிட்டீகளே!"

"நல்லா இருந்தவளுக்கு என்னத்தையோ ஊதிவிட்டு இளுப்பு வர வச்சுட்டாக!" என்று பேச்சியம்மா வெளியே நின்றவர்களுக்கு அறிவித்தாள். "நாம நாலு பேரும் இந்த சீசனுக்கு என்னத்தச் செய்ய?"

நான் விளக்கினேன். சத்தம் இல்லாததுதான் ஆபத்து, சத்தம் வந்தால் தேவலை என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது ஏமாற்றுக்காரி பேச்சு போலக் கேட்டது. நோய் வந்துவிட்டது, எனவே குணமாகிறது என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? செல்வக்கனியே முகமூடியை விலக்கி என் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என் சீட்டு" என்றாள்.

108 வந்து அவளை ஏற்றிப் போனது. மீதி வரிசை என் முக்காலியில் உட்கார மறுத்துவிட்டது. அன்று மாலைக்குள் தாயில்பட்டி முழுக்கச் செய்தி: வேன் சிஸ்டர் ஒருத்தி நெஞ்சில் காதை வைத்தால் வீசிங் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் செல்வக்கனி மூன்று நாள் இருந்தாள். பிழைத்தது பெரிய விஷயம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாகக் கேள்வி. எனக்கு ஒரு மெமோ வந்தது. "இயல்பான மூச்சு ஒலி கொண்டிருந்த தொழிலாளிக்கு அனுமதியின்றி மருந்து செலுத்தி, வீசிங் உண்டாகும் நிலைக்குக் கொண்டுவந்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்." நான்கு பக்கம் எழுதினேன். விசாரணையில் அதை யாரும் படிக்கவில்லை. மெஷினின் அறிக்கையைப் படித்தார்கள். அதில் 11.32-க்குப் பச்சை, 12.05-க்குச் சிவப்பு. இடையில் நான். இவ்வளவு சுத்தமான சாட்சியம் எந்தக் கொலை வழக்கிலும் கிடைக்காது.

டாக்டர் ஐயா மட்டும் வராந்தாவில் என்னைத் தனியே அழைத்தார். "நீ செஞ்சது சரிதாம்மா. நானும் அந்தக் காலத்துல படிச்சதுதான். ஆனா ரிப்போர்ட்ல பச்சை இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். உள்ளே போய், "இது டெக்னிக்கல் விஷயம்" என்று ஒரே வாக்கியத்தில் சாட்சி சொன்னார். என்னைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். கூடவே சீர்திருத்தமும் செய்தார்கள்: இனி முகாமில் எல்லோருக்கும் சீட்டு கொடுத்து முடித்த பிறகுதான் நெபுலைசர் பெட்டியைத் திறக்க வேண்டும். அதன் பிறகு எந்த முகாமிலும் பச்சை சிவப்பானதில்லை.

எனக்கு விருதுநகரில் ஒரு நெஞ்சக மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இங்கே துணியை விலக்கித்தான் கேட்கிறோம். போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போகும் கூட்டம் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒருத்தி விலகி நேரே என்னிடம் வந்தாள். செல்வக்கனி.

"நீங்கதான சிஸ்டர் அன்னைக்கு என்னைய அத்தன பேரு முன்னாடி ஆம்புலன்சுல ஏத்தி அனுப்பி சீட்டக் கிளிச்சு என் செட்ட ஒடச்சு இப்ப நான் லேபிள் ஒட்டுற செட்டுல பசைக் கிண்ணத்தோட ஒத்தையில உக்காந்திருக்கேன் அதுக்கு உங்களுக்கு என்னத்தக் குடுத்தாக சொல்லுங்க?"

பாதியில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்து என் படிப்புக்கும், அதற்கடுத்து என் வம்சத்துக்கும் போனாள். அதே வேகம். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவளுக்குப் பின்னால் பேச்சியம்மா வந்து சேர்ந்தாள். பத்தடி நடந்ததற்கு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். அவள் இன்னும் அதே பூச்சட்டி அறையில்தான் இருக்கிறாள். இந்த வருடமும் பச்சைச் சீட்டு. செல்வக்கனி தண்ணீர் குடிக்க நகர்ந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்தாள்.

"சிஸ்டர், அந்தக் காதுல மாட்டுறத... வச்சிருக்கீகளா?"

பையில் இருந்தது. டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால், ஒரு தூண் மறைவில் அவளை உட்கார வைத்தேன். வட்டத்தைத் தேய்த்துச் சூடாக்கினேன். "ஏமாத்தாம ஆழமா விடுங்க" என்றேன். விட்டாள். இடதும் வலதும், மேலும் கீழும் கேட்டேன்.

"சத்தம் இருக்கு. நிறைய இருக்கு" என்றேன்.

பேச்சியம்மா என் முகத்தையே பார்த்தாள். "இருந்தா நல்லதா, கெட்டதா?"

"ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் நேரமிருக்குன்னு அர்த்தம்."

"ஆத்தாள பாத்துட்டு நாளைக்கு வரட்டா?"

"அம்புட்டு நேரம் இல்ல."

அவள் இருக்கன்குடி ரோட்டைப் பார்த்தாள். விருதுநகர் பஸ்ஸைப் பார்த்தாள். அதற்குள் செல்வக்கனி எங்களைக் கண்டுபிடித்து வந்துவிட்டாள். தூணையும் ஸ்டெதாஸ்கோப்பையும் பேச்சியம்மாவின் முகத்தையும் பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னவதானடி நீ, இப்ப உனக்கு என்ன கட்டியிருக்கு, ஏ புள்ள எந்திரி, பையக் குடு இங்கன!" என்று பேச்சியம்மாவின் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போய், விருதுநகர் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, மூன்று பேருக்கு இடம் போட்டாள்.